ஸ்டெல்வியோல விழல, வெர்ஷிச்ல விழுந்தேன்: ஆல்ப்ஸ்ல இருந்து அட்ரியாட்டிக் வரைக்கும் 12 நாள் பைக்ல

போன ஜூலைல ஸ்டுட்கார்ட்ல இருந்து கிளம்பி இத்தாலி, ஸ்லோவேனியா, குரோஷியா போயிட்டு திரும்ப வந்தேன், மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, 12 நாள், செகண்ட்ஹேண்ட் சுசுகி வி-ஸ்ட்ரோம் 650. இங்க ஜெர்மனிக்கு வேலைக்கு வந்திருக்கற நம்ம பசங்க நிறைய பேர் "பைக்ல ஆல்ப்ஸ் போகணும், எப்படிண்ணா ஆரம்பிக்கறது"ன்னு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு ஒரே எடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன். எங்க தப்பு பண்ணேன்ங்கறதையும் மறைக்காம எழுதறேன், அதுதான் உங்களுக்கு உண்மையா உதவும்.

முதல்ல லைசென்ஸ். இந்திய லைசென்ஸ் வச்சுகிட்டு ஜெர்மனில குடியேறின நாள்ல இருந்து 6 மாசம்தான் ஓட்டலாம், அதுக்கப்புறம் இங்க தியரி, பிராக்டிகல் ரெண்டும் எழுதி ஓட்டிக் காட்டணும். ஏற்கனவே ஊர்ல பைக் லைசென்ஸ் இருந்தா கட்டாயமா இத்தனை கிளாஸ் போகணும்னு கிடையாது, ஆனா நான் போனேன், போனதுக்கு இன்னைக்கும் சந்தோஷப்படறேன். காரணம் பிரேக். கோயம்புத்தூர்ல ஸ்ப்ளெண்டர்ல பழகுன கால் எனக்கு, எதுன்னாலும் பின் பிரேக்தான் மிதிக்கும், முன் பிரேக் புடிச்சா தூக்கிப் போட்டுரும்னு சின்ன வயசுல இருந்து சொல்லி வளத்துட்டாங்க. இங்க டெஸ்ட்ல 50 கிமீ வேகத்துல வந்து முழுசா நிறுத்திக் காட்டணும், அதே வேகத்துல வந்து சட்டுன்னு விலகியும் காட்டணும். முன் பிரேக்கைப் படிப்படியா அழுத்தி நிறுத்தறத ஒரு காலி மைதானத்துல நூறு தடவையாவது பண்ணிருப்பேன். மலைல என்னைக் காப்பாத்துனது அந்தப் பழக்கம்தான்.

வால்பாறை 40 கொண்டை ஊசி, கொல்லிமலை 70 எல்லாம் ஓட்டிருக்கேன், ஆல்ப்ஸ் என்ன பெருசான்னு நெனைக்காதீங்க. நம்மூர்ல வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்போம், எதிர்ல வர்றவன் எதிர்பாத்துதான் வருவான். இங்க யாரும் ஹாரன் அடிக்கறதில்ல, எதிர்ல வர்ற பைக் அவன் லேன்ல முழு நம்பிக்கையா வேகமா வருவான், நீங்க உங்க லேனைத் தாண்டி ஒரு அடி போனா அவ்வளவுதான். அதோட இங்க வலது பக்கம் ஓட்டணும். ட்ராஃபிக்ல அது தானா வந்துடும், மத்த வண்டியப் பாத்து போயிடுவோம், ஆபத்து காலைல முதல் பத்து நிமிஷமும் பெட்ரோல் பங்க்ல இருந்து காலி ரோட்டுக்குத் திரும்பற நேரமும்தான். எதிர்ல வண்டியே இல்லாத எடத்துல கை பழைய ஊருக்குப் போயிடும். நான் டேங்க் மேல வலது பக்கம் அம்புக்குறி போட்டு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருந்தேன், ஸ்டாண்டை எடுக்கும்போதெல்லாம் அது கண்ணுல படும்.

முதல் நாள் ஸ்டுட்கார்ட்ல இருந்து ஃபூஸன், ஃபெர்ன்பாஸ், இம்ஸ்ட், லாண்டெக், ரெஷன்பாஸ் வழியா இத்தாலிக்குள்ள இறங்கினேன். ஆஸ்திரியால ஆட்டோபானுக்கு (மோட்டார்வே) பைக்குக்கும் வின்யெட், அதாவது டோல் ஸ்டிக்கர், வேணும், ஆனா இந்த வழில லாண்டெக் டன்னலுக்குள்ள போகாம ஊருக்குள்ள புகுந்து போனா வின்யெட் இல்லாமலே போயிடலாம். சுவிஸ்ல ஆட்டோபான் ஏறணும்னா ஒரு நாளைக்குப் போனாலும் வருஷ வின்யெட்தான், 40 பிராங்க். இன்னொண்ணு, ஆஸ்திரியாவோட டிரோல் மாநிலத்துல ரொய்ட்டே மாவட்டத்துல லெக்டால், ஹான்டென்யோக் மாதிரி சில மலை ரோட்டுல 2020ல இருந்து சத்தமான பைக்குக்கு சம்மர்ல தடை இருக்கு. வண்டி நிக்கும்போது அளந்த சத்தம் 95 டெசிபலுக்கு மேல இருந்தா போகக்கூடாது. சைலன்ஸர் மாத்தினதா இல்லையாங்கறது கணக்கே இல்ல, ஆர்சில யூ.1 னு ஒரு கட்டம் இருக்கும், அதுல என்ன நம்பர் அடிச்சிருக்கோ அதுதான் கணக்கு. கம்பெனில இருந்து அப்படியே வர்ற சில வண்டிக்கே 95க்கு மேல இருக்கும், வாங்கும்போதே பாத்துக்கோங்க.

ரெஷன் ஏரில தண்ணிக்கு நடுவுல ஒரு சர்ச் கோபுரம் மட்டும் நிக்கும். 1950ல அணைக்காக கிரவுன்னு ஒரு ஊரையே தண்ணிக்குள்ள விட்டுட்டாங்க, 14ஆம் நூற்றாண்டுக் கோபுரம் மட்டும் மிச்சம். எல்லாரும் செல்ஃபி எடுத்துட்டிருந்தாங்க, எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வரல. அங்க அரை மணி நேரம் உக்காந்துட்டு பிராட் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பிராட்ல என்கூட சேர்ந்தது சூரிச்ல இருந்து வந்த ஒரு அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர், சுவிஸ் வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆல்ப்ஸ்ல அவர் ஏறாத பாஸ், அதாவது மலைக் கணவாய், இல்ல. ஃப்ளூவெலா, ஓஃபன் பாஸ் ரெண்டும் ஏறி எறங்கி எனக்கு முன்னாடியே வந்து காப்பி குடிச்சிட்டு இருந்தார். நான் உக்காந்ததும் போன்ல என் பிளானைக் காட்டினேன், இன்னைக்கு இத்தனை கிமீ, நாளைக்கு இத்தனை கிமீன்னு எக்ஸெல்ல போட்டு வச்சிருந்தேன். பாத்துட்டு, "தம்பி, நீர் கிலோமீற்றர் பாக்கிறீர், நான் மணித்தியாலம்தான் பாப்பன். மலையில அஞ்சு மணித்தியாலம், அதுக்கு மேல வேண்டாம்"னார். அப்புறம் ஒண்ணு சொன்னார், "வளைவுக்குள்ள போனாப் பிறகு பிரேக் பிடிக்கத் தொடங்கினீர் எண்டா, அண்டைக்கு ஓட்டம் காணும்." காணும்னா அவங்க பேச்சுல போதும்னு அர்த்தம். அந்த நேரத்துல எனக்கு அது பெருசா படல.

மறுநாள் காலைல ஏழு மணிக்கே ஸ்டெல்வியோ பாஸ். இத நேரம் பாத்து ஏறணும், பத்து மணிக்கு மேல கார், பஸ், சைக்கிள்னு நெரிசல் ஆயிடும். பிராட் பக்கத்துல இருந்து 48 கொண்டை ஊசி, ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்ட கல்லு, கீழ 48ல ஆரம்பிச்சு மேல போகப்போக குறைஞ்சிட்டே வரும். 1820ல இருந்து 1825க்குள்ள கட்டி முடிச்ச ரோடு, கார்லோ டொனெகானின்னு ஒரு இன்ஜினியர். அந்தக் காலத்துக் குதிரை வண்டிக்குப் போட்டதால சில வளைவு ரொம்பச் சின்னது. ஏறும்போது வலது பக்கம் திரும்பற வளைவுதான் கஷ்டம், உள்பக்கம் சுவரை ஒட்டி சுருட்டித் திருப்பணும். அண்ணா சொல்லிக் கொடுத்த முறை இதுதான்: வளைவுக்கு முன்னாடியே தலையத் தூக்கி மேல் ரோட்டைப் பாக்கணும், எறங்கற வண்டி எதுவும் இல்லன்னா மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கமா வந்து திரும்பணும், பஸ் வந்துச்சுன்னா கீழயே நின்னுடணும். முதல் கியர், கிளட்ச்சை பாதி புடிச்சு, பின் பிரேக்கை லேசா அழுத்திகிட்டே, கண்ணு மட்டும் வெளிய போற ரோட்டுல. முன் சக்கரத்தைப் பாத்தீங்கன்னா வண்டி நின்னுடும், ஹேண்டில் திரும்பியிருக்கும்போது வண்டி நின்னா 215 கிலோ எந்தப் பக்கம் சாயும்னு சொல்லவே வேண்டாம்.

மேல 2,757 மீட்டர். பிராட்ல 17 டிகிரி, மேல 5 டிகிரி. ஜூலைதானேன்னு சம்மர் கிளவுஸ்ல வந்துட்டேன், விரல் மரத்துப் போச்சு, மரத்த விரலுக்கு பிரேக் எவ்வளவு புடிச்சிருக்கோம்னே தெரியாது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குறையும்னு கணக்கு வச்சுகிட்டு ரெண்டு செட் கிளவுஸ் எடுத்துக்கோங்க. எறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து புடிச்சிட்டே வராதீங்க, சூடேறி லிவர் மெத்துன்னு ஆயிடும், ரெண்டாவது கியர்ல இன்ஜினே வண்டியப் புடிச்சுக்கட்டும். அன்னைக்கு பொர்மியோல சாப்பிட்டுட்டு காவியா பாஸ், அதுவும் 2,600 மீட்டருக்கு மேல, ரோடு எடத்துக்கு எடம் ஒத்தை லேன்தான், அழகுல ஸ்டெல்வியோவை விட எனக்கு அதுதான் மேல. மதியம் ரெண்டு மணிக்கு அண்ணா பொன்டே டி லெக்னோல ஒரு பென்சியோன் (சின்ன லாட்ஜ்) முன்னாடி இண்டிகேட்டர் போட்டு நின்னுட்டார். எனக்கு இன்னும் நாலு மணி நேரம் ஓட்டலாம் போல இருந்துச்சு, அவர் ஹெல்மெட்டைக் கழட்டி செயினுக்கு ஸ்ப்ரே அடிக்க ஆரம்பிச்சிட்டார்.

மூணாவது நாள் டொலொமைட்ஸ், இத்தாலி ஆல்ப்ஸ்ல ஒரு மலைத்தொடர். செல்லா, கார்தெனா, கம்போலொங்கோ, பொர்தோய்னு நாலு பாஸும் ஒரே வட்டமா வரும். பாறை எல்லாம் செங்குத்தா நிக்கும், சாயங்காலம் வெயில் பட்டா ரோஸ் கலர்ல மாறும், அத எழுதறதுக்கு என்கிட்ட வார்த்தை இல்ல. அண்ணாவுக்கு லீவு முடிஞ்சுது, கொர்வாரால இருந்து அவர் சூரிச் திரும்பிட்டார்.

இப்ப நாலாவது நாள்.

எக்ஸெல் பிளான்ல அன்னைக்கு கொர்வாரால இருந்து ஸ்லோவேனியால போவெட்ஸ் வரைக்கும்னு இருந்துச்சு. மேப் ஆறு மணி நேரம் சொல்லுச்சு. ஃபல்ஸாரேகோ, ஜியாவ், கொர்தினா, சப்பாதா, தர்விசியோ, கிரான்ஸ்கா கோரா, அப்புறம் வெர்ஷிச் பாஸ். ஜியாவ்ல போட்டோவுக்கு ஒரு மணி நேரம் போச்சு, சப்பாதா தாண்டினதும் மழை. ஆல்ப்ஸ்ல ஜூலை, ஆகஸ்ட்ல மதியத்துக்கு மேல இடி மழை சகஜம், அதனாலதான் பழைய ஆளுங்க எல்லாம் காலைல மலை, மதியத்துல ரூம்னு வச்சிருக்காங்க. மழை வந்தப்புறம் மரத்தடில நின்னு ரெயின் சூட் மாட்டினேன், அதுக்குள்ள உள்ள பாதி நனைஞ்சாச்சு. மேகத்தைப் பாத்ததும் மாட்டிடணும், வெயில்ல வேர்த்தாலும் பரவாயில்ல.

கிரான்ஸ்கா கோரா வந்து சேரும்போது மணி ஆறரை. ஒன்பது மணி நேரம் வண்டிலயே. ஊருக்குள்ள வரும்போதே ரெண்டு மூணு வளைவுல உள்ள போனதுக்கு அப்புறம் பிரேக் புடிச்சேன், எனக்கே தெரிஞ்சுது, அண்ணா சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, ஆனா போவெட்ஸ்ல ரூம் காசு கட்டியாச்சு, 45 கிமீதான் மிச்சம்னு கை திருகிட்டே போயிடுச்சு.

வெர்ஷிச் 1,611 மீட்டர்தான், ஸ்டெல்வியோ உயரத்துக்குப் பக்கத்துலயே வராது. மொத்தம் 50 கொண்டை ஊசி, கிரான்ஸ்கா கோரா பக்கம் 24. முதல் உலகப் போர்ல ரஷ்யப் போர்க் கைதிகளை வச்சு போட்ட ரோடு, 1916 மார்ச்ல பனிச்சரிவு வந்து நிறைய பேர் செத்துப் போயிட்டாங்க, அவங்க ஞாபகமா கூட இருந்த கைதிகளே மரத்தால ஒரு சின்ன சேப்பல் (குட்டி சர்ச்) கட்டிருக்காங்க, எட்டாவது வளைவு கிட்ட இன்னும் இருக்கு. இந்தப் பக்கம் விசேஷம் என்னன்னா நேர் ரோடு எல்லாம் தார், வளைவு மட்டும் கருங்கல் பாவின தரை. மழைல அந்தக் கல்லு சோப்பு போட்ட மாதிரி. சேப்பல் தாண்டி ரெண்டு மூணு வளைவுக்கு மேல, வலது பக்கம் திரும்பற ஒண்ணுல கொஞ்சம் வேகமா உள்ள போயிட்டேன், பயந்து முன் பிரேக்கைப் புடிச்சேன், ஹேண்டில் திரும்பியிருந்துச்சு, முன் சக்கரம் கல்லு மேல வழுக்கி வண்டி வலது பக்கம் படுத்துடுச்சு. வேகம் பதினஞ்சு கிமீ கூட இருக்காது. ஏபிஎஸ் இருந்துச்சு, ஆனா நான் வச்சிருக்கறது சாதா ஏபிஎஸ், சாஞ்சு திரும்பிட்டிருக்கும்போது அது காப்பாத்தாது. முட்டில கார்டு இருந்ததால காயம் இல்ல, உள்ளங்கைல கிளவுஸ் தேஞ்சு போச்சு, கை தேயல. பின்னாடி கார் எதுவும் வரல. அதை நெனைச்சா இன்னைக்கும் வயித்தைப் பிசையும்.

வண்டியத் தூக்கறது எப்படின்னு இங்க சொல்லிடறேன், தனியா போறவங்களுக்கு இது தெரிஞ்சே ஆகணும். முதல்ல கில் சுவிட்ச்சை அமுக்கி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. முதல் கியர்ல போடுங்க, சக்கரம் உருளாது. வலது பக்கம் விழுந்திருந்தா தூக்கறதுக்கு முன்னாடியே சைடு ஸ்டாண்டை விரிச்சு வச்சிடுங்க, இல்லன்னா தூக்கற வேகத்துல அந்தப் பக்கம் போய் விழும். அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட் விளிம்புல இடுப்பை வச்சு, ஒரு கைல ஹேண்டில் இன்னொரு கைல பின் பக்கக் கம்பி, குத்துக்கால் போட்டு உக்காந்து காலால தள்ளி பின்னாடியே நடக்கணும். முதுகை வளைச்சு இழுத்தீங்கன்னா முதுகு போயிடும். ஈரக் கல்லுல எனக்குக் கால் நிக்கல, மேல இருந்து வந்த ஒரு ஆஸ்திரியக்காரர் நிறுத்தி ஒரு கை குடுத்தார். கால் மணி நேரம் கூடவே நின்னு, என் கண்ணைப் பாத்து ரெண்டு மூணு கேள்வி கேட்டு, தலைல அடி இல்லன்னு உறுதி பண்ணிட்டுதான் போனார்.

முன் பிரேக் லிவர் பாதில உடைஞ்சிருந்துச்சு. மிச்சம் இருந்த துண்டுல ரெண்டு விரல் புடிச்சுது, அத வச்சு முதல் கியர்ல மெதுவா கிரான்ஸ்கா கோராவுக்கே திரும்பி எறங்கி அங்கயே ரூம் போட்டேன், போவெட்ஸ் காசு போகட்டும்னு. என்கிட்ட ஸ்பேர் லிவர் இல்ல. பிரேக், கிளட்ச் ரெண்டு லிவரும் ஒரு சாக்ஸுக்குள்ள அடங்கிடும், கால் கிலோ கூட இருக்காது, எடுத்துட்டு போயிருக்கணும். ஐரோப்பா முழுக்க செல்லுபடியாகற பிரேக்டவுன் கவர் எடுத்திருந்தேன், அவங்க மூலமா பக்கத்துல ஒரு வொர்க்‌ஷாப்ல லிவர் வர ரெண்டு நாள் ஆச்சு. அந்த மெக்கானிக்தான் இன்னொண்ணு சொன்னார், லிவர் கிளாம்ப் ஸ்க்ரூவைக் கல்லு மாதிரி இறுக்காதீங்க, கையால அழுத்தித் திருப்பினா லேசா சுத்தற அளவுக்கு வைங்க, விழுந்தா உடையாம சுத்திக்கும்னு. அவசர நம்பர் 112, ஐரோப்பிய யூனியன்ல எந்த நாட்டுலயும். ஜெர்மன் அரசு இன்ஷூரன்ஸ் கார்டு வச்சிருந்தா அதோட பின்பக்கமே ஐரோப்பிய ஹெல்த் கார்டு, தனியா எதுவும் வாங்க வேண்டாம்.

அந்த ரெண்டு நாள் ஏரிக்கரைல நடந்துட்டே எக்ஸெல்லைத் திருத்தினேன், கிமீ போட்டிருந்த கட்டத்தையெல்லாம் அழிச்சிட்டு மணி மட்டும் போட்டேன். அதுக்கு அடுத்த நாள் காலைல வெயில்ல, காஞ்ச கல்லுல, அதே வளைவை ஏறிப் போனேன். அந்தப் பக்கம் சோச்சா ஆறு, தண்ணி பச்சை நிறத்துல, இப்படி ஒரு நிறம் நான் ஆத்துல பாத்ததே இல்ல. நாலாவது நாள் சாயங்காலம் இருட்டுல போயிருந்தா அதையும் பாத்திருக்க மாட்டேன்.

குரோஷியால கடலை ஒட்டி டி8 ரோடு, மகிஸ்ட்ராலான்னு சொல்வாங்க. இடது கைப்பக்கம் வெலெபிட் மலை, வலது கைப்பக்கம் கடல், நூறு கிமீக்கு மேல. இங்க ரெண்டு விஷயத்துல ஜாக்கிரதை. ரோடு பல வருஷம் டயர் பட்டு பளபளன்னு இருக்கும், பல நாள் கழிச்சு வர்ற முதல் தூறல்ல கண்ணாடி மாதிரி வழுக்கும். ரெண்டாவது புரா காத்து. மலைல இருந்து கடலைப் பாத்து தள்ளற குளிர்ந்த காத்து, சென் ஊர்ப்பக்கம் அதுக்குப் பேர் போன எடம். அது பலமா அடிச்சா முதல்ல தடை போடறது பைக்குக்கும் உயரமான வண்டிக்கும்தான். குரோஷிய ஆட்டோ கிளப் எச்ஏகே ஆப்ல எந்த ரோடு மூடியிருக்குன்னு போட்டிருப்பாங்க. நான் சென்ல அரை நாள் காப்பிக் கடைல உக்காந்து காத்து அடங்கினப்புறம் கிளம்பினேன், பக்கத்து டேபிள்ல வெள்ளைத் தாடி வச்ச ரெண்டு ஜெர்மன் ரைடர்ங்க அதேதான் பண்ணிட்டிருந்தாங்க.

இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு நல்ல விஷயம். குரோஷியா 2023 ஜனவரி 1ல இருந்து ஒரே விசால சுத்தற ஷெங்கன் கூட்டத்துல இருக்கு, யூரோவும் அன்னைக்கே வந்துடுச்சு. முன்னாடி ஸ்பிளிட்ல இருந்து துப்ரோவ்னிக் போகணும்னா நடுவுல நியூம்ங்கற எடத்துல போஸ்னியாவுக்குள்ள பூந்து வெளிய வரணும், ரெண்டு தடவை பார்டர். 2022 ஜூலைல பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்தாங்க, 2.4 கிமீ நீளம், குரோஷியாவ விட்டு வெளிய வராமலே போயிடலாம். ஆனா ஷெங்கனுக்குள்ளயும் இப்ப அங்கங்க போலீஸ் நிறுத்திக் கேக்கறாங்க, இத்தாலி ஸ்லோவேனியா எல்லைல என்னையும் கேட்டாங்க, பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு ரெண்டும் ஒரிஜினலா ஜாக்கெட் உள்பாக்கெட்ல இருக்கணும், பின்னாடி பெட்டில வேண்டாம். பால்கன்ல இன்னும் உள்ள போறவங்க இன்ஷூரன்ஸ் கம்பெனி கிட்ட இன்டர்நேஷனல் இன்ஷூரன்ஸ் கார்டு (கிரீன் கார்டு) கேட்டு வாங்கி, எந்த நாட்டு எழுத்தை கோடு போட்டு அடிச்சிருக்காங்கன்னு பாத்துட்டு போங்க.

பெட்ரோல் பங்க் பத்தி. இத்தாலில காஸோலியோன்னா டீசல், பேரைக் கேட்டு ஏமாறாதீங்க, பெட்ரோல் பென்ஸினா. மொழி புரியலன்னா படத்தைப் பாருங்க, 2018ல இருந்து ஐரோப்பிய யூனியன் முழுக்க ஒரே மாதிரி லேபிள், பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம். ஆள் வந்து போட்டு விடற பம்புல லிட்டருக்குக் கூட காசு, செல்ஃப் பம்புல நாமளே போட்டுக்கலாம். ஞாயித்துக்கிழமை சின்ன ஊர்ல ஆள் இருக்க மாட்டாங்க, மெஷின்தான், சில மெஷின் என் கார்டை எடுக்கல, அதனால இருபது யூரோ நோட்டு ரெண்டு எப்பவும் தனியா வச்சிருந்தேன். எனக்கு நூறு கிமீக்கு நாலேகால் லிட்டர் வந்துச்சு, ட்ரிப் முழுக்க பெட்ரோலுக்கு 220 யூரோ கிட்ட.

திரும்பும்போது ஸ்பிளிட்ல இருந்து அன்கோனாவுக்கு ராத்திரிக் கப்பல். பைக்கை முதல் கியர்ல போட்டு சைடு ஸ்டாண்ட்ல நிறுத்தணும், அவங்க ஸ்ட்ராப் போட்டு கட்டுவாங்க, சீட் மேல ஸ்ட்ராப் வர்ற எடத்துல ஒரு பழைய டவலை மடிச்சு வச்சிடுங்க. கப்பல் கிளம்பினப்புறம் வண்டி நிக்கற தளத்துக்கு விட மாட்டாங்க, பல் தேய்க்கற பிரஷ்ல இருந்து மாத்திரை வரைக்கும் முன்னாடியே கைல எடுத்துக்கணும். நான் இட்லிப் பொடி டப்பாவை மட்டும் பெட்டியோட விட்டுட்டு மேல போயிட்டேன், ராத்திரி முழுக்க வெறும் ரொட்டிதான்.

அன்கோனால இருந்து வீடு 900 கிமீ சொச்சம். பழைய பிளான்ல ஒரே நாள். ரொவெரெட்டோல நிறுத்தி ராத்திரி தங்கிட்டு, மறுநாள் பிரென்னர் ஏறி ஸ்டுட்கார்ட் வந்து சேர்ந்தேன். வண்டிய நிறுத்திட்டு படியில உக்காந்தே அண்ணாவுக்குப் போன் போட்டேன்.

"வந்து சேந்திட்டீரா தம்பி? இண்டைக்கு எத்தனை மணித்தியாலம்?"

"ஹைவேதான் அண்ணா, ஏழு. நடுவுல மூணு தடவை எறங்கி நடந்தேன்."

"கையில ஒண்டும் இல்லைத்தானே?"

இல்லண்ணேன். அடுத்த ஜூன்ல க்ரோஸ்க்ளொக்னர் ரோடு போகலாம்னு பேசி வச்சிருக்கோம், மேல எடெல்வைஸ்ஷ்பிட்ஸெ வரைக்கும் ஏறணும்னா அங்கயும் கல்லு பாவின வளைவு இருக்காம். காலைல வெயில் வந்து காஞ்சப்புறம்தான் ஏறுவோம்.